அத்தை வடித்த சோறு

நூற்றைம்பதுக்கு நூறு.

ரத்த அழுத்தம் போன மாதத்தைவிட ஏறியிருந்தது. என் மனைவியின் கையிலிருந்து பட்டையை உருவிக்கொண்டே டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"ஏழு மாசம். மாத்திரையும் ஒழுங்கா போடறாங்க. அப்புறம் எப்படி ஏறுது? உப்பைக் குறைக்கச் சொன்னேனே?"

நான் அத்தையைப் பார்த்தேன். இவளைப் பெற்றவர், வீட்டில் சமைப்பவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகத்தோடு சுவரோரம் நின்றிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உப்பு டப்பாவை நானே சாக்கடையில் கொட்டி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். ஒரு கல்லுகூடப் போடறதில்ல மாப்பிள்ளை.

பொய்.

மூன்று வேளையும் வேலையிடத்தில் சாப்பிடுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு வீட்டுச் சோறு. முதல் வாயிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். எங்கேயோ ஒளித்துவைத்துப் போடுகிறார். பெற்ற மகளுக்குச் சப்பென்று சோறு போட மனசு வரவில்லை போலிருக்கிறது. மகளே இல்லாமல் போனால் யாருக்கு வடித்துக் கொட்டுவார்?

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து," என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். அத்தையின் பையைப் பிடுங்கி, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த டப்பாவைத் திறந்து டாக்டரின் மேசைமேல் வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மனைவி.

பார்க்கட்டும்.

"வெறும் சோறுதான் மேடம். நீங்களே வாயில போட்டுப் பாருங்க."

டாக்டர் தயங்கினார். பிறகு நாலு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு போட்டுத்தானேம்மா வடிச்சிருக்கீங்க?"

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"உப்பு இல்லைங்க. தண்ணிதாங்க. எங்க தெருக் கிணறு ரெண்டு வருஷமா கரிக்குது. அதுலதான் வடிக்கிறேன். அதைத்தான் இவளும் குடிக்கிறா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா இருந்த கிணறு எப்படிம்மா திடீர்னு கரிக்கும்?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மகளின் வயிற்றைப் பார்த்தார்.

"தெரியலைங்க."

தெரியும். தெருவுக்கே தெரியும்.

கிணற்றிலிருந்து இருநூறு அடியில் என் முதலாளியின் இறால் குட்டைகள். கடல் ஏறும் நேரம் பார்த்து மதகைத் திறந்து, உப்புத்தண்ணீரை உள்ளே விடுகிறவன் நான். குட்டைகள் வந்த பிறகு அந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடையாது. எங்களுக்குக் குடிக்க அங்கே கேன் தண்ணீர் தருகிறார்கள்.

கிணறு கரிப்பது எனக்கும் தெரியும், குளிக்கிறேனே. அது சோற்றில் ஏறும், இவள் ரத்தத்தில் ஏறும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியும், இரண்டு மாதமாக என் வாயில் விழுந்து எழுந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் நின்றேன். மனைவி தலையைத் தூக்கவில்லை.

அத்தை டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலரைக்குக் கடல் ஏறிடும் மாப்பிள்ளை. நீங்க கிளம்புங்க. இவளை நான் கூட்டிட்டுப் போறேன்."