கல்யாணத்தை நிறுத்தணும்

“அறுபத்தேழு வயசுல எங்கப்பாவுக்குக் கல்யாணமாம் அங்கிள்! நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும்.”

டெல்லி கோல் மார்க்கெட் மாடியில், வக்கீல் விஸ்வநாதனின் அறைக்குள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நுழைந்தான் சாமுவேல். அவருடைய பழைய கட்சிக்காரர் ஆல்பர்ட்டின் ஒரே மகன்.

கட்சிக்காரர் கத்தி முடிக்கிற வரைக்கும் விஸ்வநாதன் டீ சொல்ல மாட்டார். பாதியில் டீ வந்தால் கோபம் ஆறிவிடும், விஷயம் முழுசாக வராது என்பது அவர் அனுபவம்.

“பொண்ணு யாரு?”

“பக்கத்து ஃப்ளாட் ஞானம்மா. ரிடையர்டு நர்ஸ். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ பார்த்துக்கிட்டாங்க. நான் பம்பாயில இருந்தேன், வர முடியலை. அதுக்காக மயூர் விஹார் வீட்டை அவங்க பேருக்கு உயில் எழுதிடறதா? நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க!”

“உங்கப்பா சொன்னார், எழுதினேன். படுத்தப்போ எட்டிப் பார்க்காத பையனுக்கு வீடு எதுக்குன்னார்.”

சாமுவேல் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் கல்யாணம்கூட அவனுக்குப் பெரிசில்லை. வீடு கைநழுவுகிறதே என்றுதான் வயிறு எரிந்தது.

“அப்பா பல தடவை கேட்டும் கல்யாணம் வேண்டாம்னவங்க, உயில் எழுதினதும் சரின்னுட்டாங்க. இனிமே வேற உயிலே எழுதக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வேற வாங்கியிருக்காங்க. என்ன தந்திரம் பாருங்க!”

விஸ்வநாதன் மணியை அடித்து இரண்டு டீ சொன்னார்.

“நீ போய்ச் சண்டை போட்டா, கல்யாணம் நின்னாலும் நின்னுடும் சாமு. ஆனா நின்னா, உயில் அப்படியே இருக்கும். வீடு முழுக்க அவங்களுக்குத்தான்.”

“நடந்தா?”

“உங்க கிறிஸ்தவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. உயில் எழுதினவர் அப்புறமா கல்யாணம் பண்ணிக்கிட்டா, பழைய உயில் தானா ரத்து. புதுசா எழுதலைன்னா, மூணுல ரெண்டு பங்கு பிள்ளைக்கு.”

சாமுவேல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ஐயோ, இது ஞானம்மா ஆண்ட்டிக்குத் தெரியாதா?”

“போன மாசம் வந்திருந்தாங்க. ‘பெத்த பிள்ளை இருக்கறப்போ எனக்கு எதுக்கு சார் வீடு? உயிலைக் கிழிச்சுப் போடுங்க’ன்னாங்க. எழுதினவர்தான் கிழிக்கணும்னேன். அவர் மாட்டேங்கிறாரேன்னு அழுதாங்க. வேற வழியே இல்லையான்னு கேட்டப்போ, விளையாட்டாத்தான் இந்தச் சட்டத்தைச் சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘சர்ச்ல அடுத்த மாசமே தேதி கிடைக்குமா சார்’னு கேட்டாங்க.”