மூன்றாவது சென்சார்

டாக்சியில் ஏ.பி.எஸ். பிரேக் விளக்கு மறுபடி எரிந்ததும் முன்சக்கரத்துச் சென்சார் தன்னோடு இணைந்திருந்த வயர் பக்கம் திரும்பியது. மெக்கானிக்கின் கருவி சென்சாரின் பெயரைத்தான் காட்டியிருந்தது.

“வயரண்ணே, உள்ளே அறுந்து கிடக்கறது நீங்கதானே? வண்டி வளைவுல திரும்பினா, சக்கர வேகத்தைப் பத்தி நான் சொல்றதெல்லாம் உங்ககிட்டயே நின்னுடுது. சொல்லிடுங்களேன், என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க.”

“என் தோல் பளபளன்னு இருக்கு தம்பி. அவரா இழுத்துப் பார்த்தா சொல்லாமலா இருப்பேன்?”

மெக்கானிக் இழுத்துப் பார்க்கவில்லை. சென்சாரைக் கழற்றித் தகர டப்பாவில் எறிந்தார். புதியதை மாட்டினார். விளக்கு அணைந்தது.

டப்பாவில் ஏற்கெனவே இரண்டு சென்சார்கள் படுத்திருந்தன, ஒரு கீறல்கூட இல்லாமல்.

“அண்ணன் இன்னும் வாயைத் திறக்கலையா?” என்றது ஒன்று. “சரி, கொஞ்சம் தள்ளிப் படு. முதல் வளைவு வந்ததும் அடுத்தவன் வந்துடுவான்.”