கண்ணை எடுத்தால் காசு

செங்கல்பட்டு மின்ரயிலில், ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே ஓடும் விளம்பரத் திரையைக் கண் எடுக்காமல் பார்ப்பவர்களுக்குப் பயணம் இலவசம். பார்வை விலகினால் நிமிடத்துக்குப் பத்து ரூபாய். அதனால் மெர்லினும் ஷகிலாவும் இரண்டு வருடமாகத் திரையைப் பார்த்தபடியே அருகருகே அமர்ந்து கதை பேசுகிறார்கள்.

இன்று ஷகிலாவின் குரல் தேய்ந்திருந்தது. மெர்லின் திரும்பிப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது; சிவந்த கண்களில் நீர் வழிந்தது.

"என்னடி, இப்படி இளைச்சுட்ட?"

"திரும்பாதீங்கக்கா, காசு ஏறுது! கண்ணு எரிஞ்சு தானா மூடிக்குது. அதுக்குப் பிடிக்கிற காசுக்காக மதியம் சாப்பிடறதில்ல."

"பயணி, திரையைப் பாருங்கள்," என்றது இருக்கையில் பதித்த ஒலிபெருக்கி.

"நீ வாயை மூடு!" மெர்லின் துப்பட்டாவை உருவி இரண்டு திரைகளையும் மூடினாள்.

"அய்யோ, ஒரு நாள் கூலி போயிடும்க்கா!"

"போகட்டும். என் தோள்ல சாஞ்சு தூங்கு. பீச் ஸ்டேஷன் வரட்டும், எவன் வந்து கேக்கிறான்னு பாக்குறேன்."