கடல் தாண்டச் சொன்ன பொய்

"'நீ அந்தத் தெருப் பொம்பளையோட மகதானே?'ன்னு கேட்டா. ரொட்டிக் கடையில, எல்லார் முன்னாலயும்."

கைப்பையைச் சமையலறை மேசைமேல் வீசிவிட்டு நின்றாள் ஒதாலிஸ். அம்மா நெலிடா அடுப்பில் கறுப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"யார் கேட்டது?"

"மத்தான்சாஸ்ல நம்ம பழைய தெருக்காரிதான். நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், 'நான் ஆம்பளைங்ககிட்ட காசு வாங்குறவ'ன்னு உன் வாயாலயே சொன்னியாமே?"

"அவ மட்டும் என்ன சொல்லிட்டு வந்தாளாம்? கன்னியாஸ்திரின்னா?"

"வெளையாடாதம்மா. பக்கத்துல ரெனேயோட அம்மா நின்னாங்க. வாங்கின ரொட்டியை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க."

ரெனேக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசியிருந்தது. அவன் வீட்டார் அந்தக் காலத்திலேயே கியூபாவிலிருந்து விமானத்தில் மயாமிக்கு வந்து வேரூன்றியவர்கள். போன வருஷம் இவர்களைப் போல அங்கே மரியேல் துறைமுகத்திலிருந்து படகில் வந்தவர்கள் என்றாலே முகம் சுளிப்பார்கள்.

"அவ சொல்றது பொய்னு சொல்லும்மா."

"பொய் இல்ல. சொன்னேன்."

ஒதாலிஸுக்குக் காது மடல் எரிந்தது. மத்தான்சாஸில் அம்மா கணக்கு டீச்சர். அவள் தெருவில் நடந்தால் பெரிய பையன்கள்கூட சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள்.

அப்போது கியூபாவை விட்டுப் போகக் கழிசடைகள் என்று அரசு ஒதுக்கியவர்களுக்குத்தான் அனுமதி. நல்லவர்களும் போலீசிடம் போய்த் தங்களையே கேவலப்படுத்திக்கொண்டு படகேறினார்கள். அது ஒதாலிஸுக்குத் தெரியாததல்ல. ஆனால், இதுவா?

"குடிகாரின்னு சொல்லியிருக்கலாம். திருடின்னு சொல்லியிருக்கலாம். உனக்கு வேற பொய்யே கெடைக்கலயா?"

ஜன்னலோரம் அப்பா எவெலியோ ஆறிப்போன காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆம்பளைங்க மேல ஆசைப்படுறவன்னு சொன்னேன்."

ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒதாலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைப் பார்த்து அந்த ஆபீசர் இதை நம்பினானா?"

"நம்பினான்."

"அப்புறமென்ன? அந்த ஒரு பொய்யே போதுமே. அம்மா எதுக்கு வாயைத் திறந்தா?"

"'நீ மட்டும் கிளம்பு. உன் பொண்டாட்டியும் பொண்ணும் மானமா வாழறவங்க, இங்கேயே இருக்கட்டும்'னான். அப்பத்தான் உங்கம்மா முன்னால வந்து, 'நானும் அப்படிப்பட்டவதான், எங்களையும் அனுப்பு'ன்னா."

"பேசாம ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மானத்தை வித்துட்டு வந்து இங்க ஆலையில துணி தைக்கணும்னு அம்மாவுக்கு என்ன தலையெழுத்து? எனக்கு வெளிய தலைகாட்ட முடியல."

"விடுடி," என்றாள் நெலிடா. "ரெனே வீட்டுக்கு நானே போறேன். தப்பெல்லாம் என்னுது, பொண்ணு மேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வர்றேன்."

எவெலியோ எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். "போதும் நெலி. நீ சுமந்தது போதும்."

"வேண்டாம், எவெலியோ."

அவர் கேட்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கக் கூசி, தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல பொய் சொன்னது உங்கம்மா ஒருத்திதான். நான் சொன்னது நிஜம். அது தெரிஞ்சேதான் அவ என்னைத் தனியா அனுப்பாம கூட வந்தா."