இங்கே நாய்களை விடலாம்

நாய்கள் சங்கிலி இல்லாமல் ஓடியாட ஒரு மைதானம் வேண்டுமென்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவள் ஜெசிந்தா. ஒருவழியாக இடம் கிடைத்ததும், வாசல் பலகைக்கான வாசகத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள்: ‘இங்கே நாய்களை விடலாம்.’ மறுநாள் காலை தன் நாயோடு அவள் போனபோது வேலிக்குள் ஏழெட்டு நாய்கள் நின்றன. ஆட்கள் யாரும் இல்லை. ஆட்டோவில் வந்த ஒருவர் கிழட்டு லாப்ரடார் ஒன்றை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“விட்டுட்டா போறீங்க?” என்றாள்.

“புது வீட்ல நாய் கூடாதுன்னுட்டாங்க. எங்க விடுறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தோம். இந்த போர்ட வச்சவங்க நல்லா இருக்கணும்.”

சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் ஆட்டோவில் ஏறினார்.

வேலிக்குள் ஒரு நாயும் ஓடவில்லை. எல்லாம் கதவை ஒட்டி நின்று, சாலையில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் வாலாட்டின.