பாதி இலை

“என்ன செடியைத் தின்னுச்சுன்னு சரியா சொல்லுங்க. அப்பதான் மருந்து கொடுக்க முடியும்” என்றார் கால்நடை டாக்டர்.

“குரோட்டன்ஸ், டாக்டரம்மா. ஹால்ல ஜாடியில இருக்கு. நான் ஓடி வர்றதுக்குள்ள பாதி இலையை முழுங்கிடுச்சு” என்று விசும்பினார் மாமியார்.

மேஜைமேல் விரித்த துண்டில் முயல் சுருண்டு கிடந்தது. எதைக் கண்டாலும் அறுத்துத் தள்ளுவதால் வீட்டில் அதற்கு ரம்பம் என்று பெயர். போன் வந்ததும் ஆபீஸிலிருந்து நேரே ஓடி வந்த மருமகள் அதன் முதுகைத் தடவினாள்.

“அது முயலுக்கு ஆகாத செடி. விஷ முறிவு ஊசி இருக்கு. ஆனா இந்தச் சின்ன உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது. போடலேன்னாலும் ஆபத்து.” டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். “முயல் வளர்க்கிற வீட்ல இதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டாமா?”

“இவ பார்க்காததா? ஒயரையெல்லாம் குழாய்க்குள்ள விட்டுட்டா. செருப்பு பரண் மேல இருக்கு. என் பையன் சார்ஜரை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுச் சாவியைத் தேடிக்கிட்டு இருக்கான். பால்கனிச் செடியையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டா!”

மாமியார் மருமகளுக்குப் பரிந்து பேசுவதை டாக்டர் அதிசயமாகப் பார்த்தார்.

“அப்ப இதை மட்டும் ஏன்மா விட்டீங்க?”

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பிள்ளை மாதிரி வளர்த்த செடி அது. எந்த முகத்தோடு சொல்வது? ஊசிமுனை ரம்பத்தின் ரோமத்தைத் தொட்டது.

“வேண்டாம் டாக்டர்! அது பிளாஸ்டிக் செடி!”

டாக்டரின் கை நின்றது.

“மன்னிச்சிடுங்க அத்தை. நீங்க உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப நிஜச் செடி பட்டுப்போச்சு. தண்ணி ஊத்த மறந்துட்டேன். சொல்ல பயந்துக்கிட்டு அதே மாதிரி பிளாஸ்டிக்ல வாங்கி வெச்சேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தினமும் அதுக்குத் தண்ணியும் ஊத்தறேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

டாக்டர் சிரித்தேவிட்டார். “நல்ல குடும்பம்! பாதி இலை பிளாஸ்டிக்தானே, இந்த ஊசிக்கு வேலையில்லை. காய்ஞ்ச புல் நிறைய வைங்க. புழுக்கை போடுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க.”

ஊசி தட்டுக்குத் திரும்பியது. மருமகள் ரம்பத்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மாமியார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“திட்டிடுங்க அத்தை, பரவாயில்ல.”

“திட்ட என்னம்மா இருக்கு? நான் வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன். நீ தினமும் பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்தறதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு” என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார் மாமியார். “போன மாசம் அதைத் தூக்கிப் போட்டுட்டு நிஜச் செடியையே நட்டுட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு துளிரைக்கூடக் கிள்ளிக்கிட்டு வர்றேன்... டாக்டரம்மா, அந்த ஊசியை எடுங்க!”