மூன்றாவது நாற்காலி

அத்தையை வெளியே சோபாவில் உட்காரச் சொல்லுங்கள் என்று மிக்ஸிங் இன்ஜினியர் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

குரலில் கோபம் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த ஒலிக்கலவை அறையின் சட்டம் அது. மேசை முன்னால் அவர் இருப்பார், பாட்டுக்குச் சொந்தக்காரர் இருப்பார். மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது.

பாட்டுக்குச் சொந்தக்காரியின் அத்தை, அதாவது கணவனின் அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மருமகளின் இசையை இரைச்சல் என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடுவார்.

வீட்டில் தனியாக விட்டுவர முடியவில்லை போலிருக்கிறது என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டார். வெளியே டீ இருக்கிறது, பத்திரிகைகள் இருக்கின்றன என்று தன்மையாகவே சொல்லிப் பார்த்தார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாட்டேன் என்ற பக்கமாக.

ஏழு வருடத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தவள். வேலை விட்டு வந்ததும் படுக்கையறை அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கைக் கட்டிவிட்டுப் பாடுவாள். கிட்டார், டிரம்ஸ், பழைய கீபோர்டு எல்லாம் அவளே. ஒவ்வொன்றாக வாசித்து லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். அந்த வகை இசைக்கு சைக்கடெலிக் என்று பெயர். குரல் கரைந்து கிட்டாராகும். கிட்டார் கரைந்து தண்ணீராகும். கேட்கிறவனுக்குக் கால் தரையில் பாவாது.

கண்ணாடிப் பல்லி என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு முதல் ஆல்பத்தை இணையத்தில் போட்டாள். கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள். அவர்களும் பாதியில் எழுந்து போனவர்கள்தான்.

இரண்டாவது ஆல்பம் எப்படியோ வெளிநாட்டு வானொலிக்காரர் ஒருவர் கையில் சிக்கியது. மூன்றாவது வந்தபோது அவள் கண்ணாடிக் கடையை விட்டிருந்தாள். ஒலி ஒரு பக்கத்தில் கிளம்பி, கேட்பவரின் தலைக்குள் நடந்து, மறுபக்கம் போய் உட்காருகிறது என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

நான்காவதைப் பெரிய நிறுவனம் ஒன்று வெளியிடுகிறது. அவர்கள் போட்டது ஒரே நிபந்தனை. வாசித்ததையெல்லாம் சேர்த்துக் கலக்கும் வேலையை இந்த இன்ஜினியர்தான் செய்ய வேண்டும்.

இவர் முடியாது என்றால் ஆல்பம் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"அத்தை வெளிய போனா நானும் போறேன் சார்," என்றாள்.

மிரட்டுகிற தொனியே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு ஹெட்போன் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

இன்ஜினியர் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பெரிய ஆட்கள் அவருடைய சட்டத்துக்குப் பேசாமல் தலையாட்டியிருக்கிறார்கள். இவள் பதறாமல், சுருள் சுருளாக, ஒரே அளவில் சுருட்டினாள்.

பாதி வயர் சுருண்டதும் அவர் இறங்கி வந்தார். ஒரு பாட்டு மட்டும், அதுவும் அம்மா வாய் திறக்கக் கூடாது என்றார்.

அத்தை நாற்காலியை இழுத்து மருமகளை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

முந்தைய நாள் இன்ஜினியர் கலந்து வைத்திருந்த முதல் பாட்டு ஸ்பீக்கர்களில் ஓடியது. சுத்தமான வேலை. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அத்தையின் பக்கம் திரும்பினாள்.

அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றே இன்ஜினியர் நினைத்தார்.

"அந்தக் கிட்டாரு சமையலறையிலேயே நிக்குதும்மா. கூடத்து வழியா நடந்து வாசலுக்கு வரணும்ல?"

இன்ஜினியருக்குச் சுருக்கென்றது. பேசக் கூடாது என்று சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை.

ஆனால் கை அவரைக் கேட்காமல் மேசைக்குப் போனது. கிட்டாரை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். இன்னும் மெதுவாக என்று அத்தை விரலால் காட்டினார். நடுவில் வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, தாண்டியதும் ஏற்றச் சொன்னாள் மருமகள்.

பாட்டு திறந்துகொண்டது.

அவர் அதை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தானே எழுந்து போய் அத்தைக்கு டீ கொண்டுவந்தார். நாளைக்குப் பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றார்.

இரைச்சலைக் கேட்க இவ்வளவு பெரிய கட்டடமா என்று அத்தை டீயை ஊதிக் குடித்தார்.

பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்ததும், ஆல்பத்தின் உறையில் அச்சிட வேண்டிய விவரங்களை இன்ஜினியர் எழுத உட்கார்ந்தார். குரல், கருவிகள், பாட்டு எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். கடைசியாக அத்தையின் பெயரை எழுதிவிட்டு, என்ன வேலை என்று போடட்டும் எனக் கேட்டார்.

"இடது காதுன்னு போடுங்க சார்," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

எட்டு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி அவளுடைய இடது காதைச் சுத்தமாகக் கொண்டுபோய்விட்டது. வெளியே சொன்னால் பாட்டை விட்டுவிட்டுக் காதைப் பற்றி எழுதுவார்கள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். எந்த ஒலி எந்தப் பக்கம் நிற்கிறது, எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. முதல் ஆல்பத்திலிருந்தே அதையெல்லாம் அத்தைதான் கேட்டுச் சொல்லிவந்தார்.

இன்ஜினியர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.